புளி போட்டுத் துலக்கிய வெள்ளிக்காசு

அம்மம்மாவின் கொட்டப்பெட்டியில் பழைய வெள்ளிக்காசுகள் கிடைத்ததும் நான் செய்த முதல் வேலை, புளி போட்டுத் துலக்கியது. பளபளவென்று வந்தது, பெருமையாகவும் இருந்தது. இங்கே திருகோணமலையில் காசு சேர்க்கும் அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். காலப்போக்கில் வெள்ளியில் படிந்த அந்தக் கறுப்புக்குத்தான் பெறுமதியாம், தேய்த்த முகம் திரும்பி வராதாம்.

நகைக்கடையில் தராசுதான் பேசும். விக்டோரியா காலத்து இந்திய ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அந்தக் கணக்கோடு சரி. சேகரிப்பவர் பார்ப்பது வேறு: ஆண்டு, அடித்த அக்கசாலை (காசு அச்சடிக்கும் இடம்), எழுத்தும் உருவத்தின் தலைமுடியும் எவ்வளவு தேயாமல் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலே எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பது. 1911 ஆம் ஆண்டு ஐந்தாம் ஜோர்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று சர்ச்சை கிளம்பி, பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டார்கள், அதனால்தான் இன்றைக்கும் அதைத் தேடுகிறார்கள். 1918 ரூபாயும் நூறு வயது தாண்டியதுதான், ஆனால் கோடிக்கணக்கில் அடித்தது, வயதைச் சொல்லி விலை கேட்க முடியாது.

இரண்டு காசில் மாலைக்காக வளையம் ஒட்டியிருந்தது, அதற்கும் பெறுமதி குறைவாம். (அம்மம்மா கழுத்தில் கிடந்ததை நான் விற்கவா போகிறேன்!) அப்புறம், 1942 ஆம் ஆண்டு இலங்கை ஐம்பது சதம் ஒன்று. அடுத்த வருடமே வெள்ளியை விட்டு நிக்கல் பித்தளைக்கு மாறிவிட்டார்கள். நல்லகாலம், அது பெட்டி மூலையில் ஒட்டிக்கிடந்து புளிக்குத் தப்பிவிட்டது.