ரோல் நம்பர் 47

இன்று மகளின் வகுப்பு ஆசிரியையைப் பார்க்கப் போனேன். பெயரைச் சொன்னதும் யோசித்தார்.

"ரோல் நம்பர் சொல்லுங்க."

47 என்றேன். "ஆமா, நல்லா படிக்கிறா" என்று சிரித்தார்.

அவர்மேல் கோபமே வரவில்லை. மேசையில் திருத்த வேண்டிய நோட்டுகள் அவர் தோள் உயரத்துக்கு இருந்தன.

ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட அமைப்பின் நாடுகளில் தொடக்கப்பள்ளி வகுப்பில் சராசரியாக 21 பிள்ளைகள். ஜப்பானில் தொடக்கப்பள்ளி வகுப்புக்கான மாணவர் வரம்பை 40-லிருந்து 35 ஆக்க 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள். நமது கல்வி உரிமைச் சட்டமும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது. ஆனால் அது பள்ளியின் மொத்தக் கணக்கு. ஒரு அறைக்குள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. பிள்ளை உட்காருவது அந்த அறையில்தானே?

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "மிஸ் என் பேரைச் சொன்னாங்களாம்மா?"