தைராய்டு உண்டா என்று கேட்கத் தொடங்கியது

கண் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவில் ஆப்டோமெட்ரிஸ்டாக, அதாவது கண் பரிசோதகராக, வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. சர்க்கரை எத்தனை வருஷமாக இருக்கிறது, மூன்று மாத சராசரி எவ்வளவு, பிரஷர் உண்டா, சிறுநீரகத்தில் ஏதாவது தொந்தரவா? அப்புறம் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்காரச் சொல்லிவிடுவேன். தைராய்டைப் பற்றி அவர்களாகச் சொன்னால் எழுதிக்கொள்வேன். நானாகக் கேட்டதில்லை.

கேட்க வைத்தவர் ஓர் அம்மா. 11 வருஷ சர்க்கரை. கையில் ஒரு சின்ன நோட்டு. தினமும் வீட்டில் விரலில் குத்திப் பார்த்த அளவுகளைத் தேதி போட்டு எழுதியிருந்தார். வெறும் வயிற்றில் 110, 120. சாப்பிட்ட பிறகு 150-ஐத் தாண்டவில்லை. லேப் காகிதத்திலோ மூன்று மாத சராசரி 7.4. "வீட்டுல சரியாத்தாம்மா இருக்கு, லேப்ல மட்டும் ஏன் கூடுதுன்னு தெரியல. நான் பொய் சொல்லலம்மா" என்றார். நான் தலையாட்டிவிட்டு, சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் கவனமாக இருங்கள் என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

விழித்திரைப் படத்தில் கூர்மையான பார்வைக்கான மையப் பகுதியான மாக்குலாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளிகள் வளையம் கட்டியிருந்தன. பழுதான ரத்தக் குழாயிலிருந்து கசிந்து படியும் கொழுப்பும் புரதமும்தான் அவை. மருத்துவர் படத்தைப் பார்த்த பிறகு அந்த அம்மாவின் முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். உப்பிய இமைகள், வெளி ஓரத்தில் உதிர்ந்து மெலிந்த புருவம், மாத்திரை போட்டும் இறங்காத கொலஸ்ட்ரால். தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அளவை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். முடிவு வந்தபோது, இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு கூடியிருந்தது; தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

தைராய்டு சுரப்பு குறைந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தங்கிவிடும், ரத்தக் குழாயின் உட்சுவரும் பாதிக்கப்படும். ஏற்கெனவே சர்க்கரையால் பழுதான கண் குழாய்களுக்கு அது கூடுதல் சுமை. இன்னொன்றும் உண்டு. புதிய சிவப்பணுக்கள் உருவாவது மந்தப்படுவதால் பழையவை அதிக நாள் ரத்தத்தில் ஓடுகின்றன. அவற்றில் சர்க்கரை ஒட்டுவதும் கூடி, மூன்று மாத சராசரி உள்ளதைவிடச் சற்று அதிகமாகக் காட்டும். அந்த நோட்டில் இருந்தது உண்மைதான்.

சர்க்கரை உள்ளவர்களில் தைராய்டு குறைபாடும் இருப்பவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு அதிகம் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தைராய்டுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. வயது, சர்க்கரை இருந்த காலம் எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. அதனால் தைராய்டைச் சரிசெய்தால் கண் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லமாட்டேன். அந்த அம்மாவுக்குக் கண்ணில் ஊசியும் தேவைப்பட்டது.

சுரப்பு கூடினாலும் கண்ணுக்குத் தொல்லைதான். ஒருவர், எல்லாம் ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்று வந்தார். சர்க்கரை இருந்ததால் கண்ணை அசைக்கும் நரம்புதான் பாதிக்கப்பட்டிருக்கும், மூன்று மாதத்தில் தானாகச் சரியாகலாம் என்று நினைத்தோம். கீழே பார்க்கச் சொன்னபோது மேல் இமை கூடவே இறங்காமல் பின்தங்கி, கருவிழிக்கு மேலே வெள்ளை தெரிந்தது. தைராய்டை அதிகம் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயில் கண் தசைகள் வீங்கியிருந்தன. அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். வீக்கம் பார்வை நரம்பை அழுத்தும் ஆபத்தும் சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல். சர்க்கரை மருத்துவரும் கண் மருத்துவரும் பேசிக்கொள்ளாமல் அவருக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

டைப் 1 என்றால் இன்னும் கவனம் வேண்டும். உடலின் எதிர்ப்பு சக்தி கணையத்தைத் தாக்கியதுபோல் தைராய்டையும் தாக்கக்கூடும் என்பதால் ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்கிறார்கள்.

இப்போது என் வரிசையில் தைராய்டும் இருக்கிறது. போன வாரம் ஒருவரிடம் கேட்டேன். "இருக்கும்மா, மாத்திரை போடறேன். காலையில சாப்பிட்டதும் சுகர் மாத்திரை, கால்சியம் மாத்திரை, எல்லாத்தையும் சேர்த்து ஒரே வாயில முழுங்கிடுவேன்" என்றார். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்துச் சாப்பிட வேண்டும். கால்சியத்துக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சொட்டு மருந்து விடுவதற்கு முன்பே அதை எழுதிக் கொடுத்தேன். விட்டபின் பார்வை மங்கி அவரால் படிக்க முடியாதே.