முகத்துவாரத்துக் கம்மாலையில் ஒரு நத்தா

2024 ஜூன் 8, சனி

கொழும்பு பஞ்சிகாவத்தையில் மழைக்கு ஒதுங்கி நின்றபடியே இரும்பு வாங்கியாயிற்று. பழைய ஜப்பான் லொறியின் ஸ்பிரிங் பட்டை. கடைக்காரர் நிறைக்கு விலை சொல்லிவிட்டு, என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். ஜப்பான் மாதிரிக் கத்தி என்றேன். உடனே இரண்டு கைகளையும் சேர்த்து வாள் வீசிக் காட்டினார்.

யாரிடம் சொன்னாலும் இதே கதைதான். நான் அடிக்கப்போவது சாமுராய் வாள் இல்லை, நத்தா. ஜப்பானில் மரம் வெட்டுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் இடுப்பில் தொங்கவிடும் கனத்த கத்தி. நம் மன்னாக் கத்திக்குத் தூரத்துச் சொந்தம். சாதாரண நத்தாவுக்கு முனை மொட்டையாக இருக்கும். கூர்முனை வைத்தது கென்னத்தா. கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவனுக்கு அதுதான் தோது: விறகும் பிளக்கலாம், நுனியால் மீனும் கீறலாம். 1876இல் ஜப்பானில் வாள் தரிக்கத் தடை வந்தபின் வாள் கொல்லர்கள் பலர் சமையல் கத்திக்கும் கருவிகளுக்கும் மாறினார்கள் என்பது உண்மைதான். ஆனால் டோசா போன்ற மலைப்பகுதிகளில் காட்டுவேலைக் கத்தி அடித்தவர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். அந்தப் பரம்பரைக்கு வாளின் பகட்டு தேவைப்படவில்லை.

அளவு: அலகு ஆறு சுன். ஒரு சுன் 30.3 மில்லிமீற்றர், ஆக 18 சென்ரிமீற்றர் சொச்சம். முதுகு 6 மில்லிமீற்றர்.

2024 ஜூன் 9, ஞாயிறு

முகத்துவாரத்துக் கம்மாலை. கொல்லர் ஐயா வழக்கமாக வள்ளங்களுக்குக் கொளுக்கி, நங்கூரம், தேங்காய் உரிக்கும் அலவாங்கு அடிப்பவர். பட்டையைத் தட்டிக் கேட்டார், வெளிச்சத்தில் பிடித்து மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். ஓடித் தேய்ந்த ஸ்பிரிங்கில் அது எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, குறட்டில் பிடித்து முறித்தோம். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் மெல்லிய மணியாக இருந்தது. சீனி போல் மின்னியிருந்தால் சூடு மிஞ்சியிருக்கும்.

ஜப்பானியர் நல்ல கத்திக்கு யசுகியில் செய்யும் வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று பெயர்கொண்ட உருக்குகளை எடுப்பார்கள். வெள்ளைத்தாள் இரண்டாம் இலக்கத்தில் காபன் 1.1 வீதம் அளவில் இருக்கும். அதை மெல்லிரும்புக்கு நடுவே வைத்து ஒட்டி அடிப்பார்கள்: வாய், அதாவது வெட்டும் ஓரம், கடினம், உடம்பு மெது. ஜப்பான் தரத்தில் எஸ்யூபி 9 எனப்படும் ஸ்பிரிங் உருக்கில் காபன் 0.52 முதல் 0.60 வீதம்தான், கூடவே கொஞ்சம் குரோமியம். வாய் அந்தளவு கடினமாகாது, ஆனால் அடி தாங்கும். விறகு பிளக்க எனக்கு அது போதும். மூன்று அடுக்கு ஒட்டுகிற ஆசையை அங்கேயே விட்டேன்.

2024 ஜூன் 15, சனி

இன்று அடித்தோம். சிரட்டைக்கரி உலை. ஜப்பானில் வாள் கொல்லர்கள் பைன் மரக்கரி எரிப்பார்கள். இங்கே சிரட்டைக்கரிதான், கண்ணைப் பறிக்கும் சூடு. ஐயா சின்னச் சுத்தியலால் இடம் காட்ட, அவருடைய மருமகன் சம்மட்டி போட்டார். எனக்குக் கிடைத்தது குறடு, அப்புறம் கடைசி ஒழுங்கு வேலை.

வாய்ப்பக்கத்தை மெலிதாக்கும்போது அந்தப் பக்கம் நீளும், கத்தி முதுகுப் பக்கமாக வளையும். அதனால் முதலிலேயே வாய்ப்பக்கமாகக் கொஞ்சம் வளைத்துவிட்டு அடிக்க வேண்டும். அடிக்க அடிக்கத் தானாக நிமிரும். நிறம் மங்கிக் கருஞ்சிவப்புக்கு இறங்கினால் சுத்தியலை நிறுத்த வேண்டும். "ஆசைக்கு ஒரு அடி கூடப் போட்டா உள்ளுக்கு வெடிக்கும் தம்பி" என்றார் ஐயா.

பட்டடையிலும் சுத்தியலிலும் தண்ணீர் தெளித்து அடிக்கும் ஜப்பான் முறையையும் செய்து பார்த்தோம். நீராவி படாரென்று வெடித்து இரும்பின் கருஞ்செதிலைப் பிய்த்தெறிகிறது. முதல் சத்தத்துக்குத் தெருவே எட்டிப்பார்த்தது. ஐயாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. தேவையில்லாத இடத்திலும் தண்ணீர் தெளித்தார்.

2024 ஜூன் 16, ஞாயிறு

மழை. கரி நனைந்துவிட்டது. அரத்தால் பிடிக்குள் போகும் வாலை மட்டும் ராவினேன்.

2024 ஜூன் 21, வெள்ளி, போசன் போயா

கம்மாலை பூட்டு. தன்சல் என்னும் இலவச உணவுப் பந்தலில் வரிசையில் நின்று மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டேன். கடற்காற்று குடையைப் பிடுங்கியது. இதே தென்மேல் பருவக்காற்றைத்தான் பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் பழங்காலத்து உருக்கு வேலைக்காரர் துருத்திக்குப் பதிலாகப் பயன்படுத்தினார்கள். மேற்கு நோக்கிய சரிவுகளில் உலை கட்டி, காற்றின் இழுப்பிலேயே உயர்காபன் உருக்கு எடுத்திருக்கிறார்கள். தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் அகழ்ந்து, உலையைக் கட்டி எரித்தும் பார்த்து, 1996இல் நேச்சர் இதழில் எழுதினார். ஜப்பான் உருக்கின் பெருமையை என்னிடம் அளக்கிறவர்களில் இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

2024 ஜூன் 22, சனி

துவைச்சல், அதாவது காய்ச்சிய கத்தியைத் தோய்த்துக் கடினமாக்குவது. இதற்காகவே கதவைச் சாத்தி இருட்டாக்கினோம், வெயிலில் சிவப்பின் நிறம் பொய் சொல்லும். முதலில் மூன்று முறை காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டோம், அடித்த அடியின் இறுக்கம் கலைய. ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் இரும்பை காந்தம் பிடிக்காது. அதற்குமேல் இன்னும் ஒரு நிறம் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஐயா காந்தத்தைத் தொடவே இல்லை. நான் தொட்டுப் பார்த்தபோதெல்லாம் அவர் சொன்னது சரியாக இருந்தது.

எதில் தோய்ப்பது என்பதில்தான் விவாதம். அவர் மன்னாவுக்குத் தண்ணீர்தான் காட்டுவார். ஆனால் இந்த உருக்குக்குத் தண்ணீர் கொடுமை, வெடிக்கும் என்று அவரே சொன்னார். தேங்காயெண்ணெய் சுட வைத்து, வாய்ப்பக்கத்தை மட்டும் இறக்கி, முதுகு கறுத்த பிறகு முழுவதையும் அமிழ்த்தினோம். கம்மாலை முழுக்க பலகாரம் பொரிக்கும் வாசம். அரம் வாயில் பிடிக்காமல் வழுக்கியது, கடினமாகிவிட்டது.

ஜப்பான் வாளில் தெரியும் அலை அலையான கோடு எங்கே என்று நண்பர்கள் கேட்பார்கள். முதுகில் களிமண் பூசித் தோய்த்தால் வருவது அது, ஆழமாகக் கடினமாகாத உருக்குகளில்தான் தெளிவாகத் தெரியும். குரோமியம் கலந்த ஸ்பிரிங்கில் சரியாக விழாது. அமிலம் தடவி வரைகிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக் கத்திக்கு மையிட்டுப் பொட்டு வைக்க எனக்கு விருப்பமில்லை.

2024 ஜூன் 23, ஞாயிறு

அம்மாவின் கேக் ஓவனில் 200 பாகையில் இரண்டு மணித்தியாலம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு. வெளிர் வைக்கோல் நிறம். வெட்டும்போது வாய் நொறுங்காமலிருக்க இந்த இளக்கம் வேண்டும். அம்மா கத்தியைப் பார்க்கவில்லை, ஓவனில் எண்ணெய் மணம் வருகிறதே என்றுதான் கவலை.

2024 ஜூன் 29, சனி

பிடி கித்துள். உலக்கைக்குப் போகும் மரம், உதிரும் சிராய்தான் தொல்லை. எண்ணெய் ஊற ஊறத் தேய்த்தேன். பித்தளைக் குழாயில் பூண் வெட்டி, மூங்கில் ஆணி அடித்தாயிற்று. நத்தாவில் ஒருபக்கச் சரிவு வைத்ததும் உண்டு, ஆனால் அது மரத்துக்குள் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் இருபக்கமும் சரித்து, 1000 மணிக் கல்லில் தீட்டினேன். முதுகில் உலைக் கறுப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

காய்ந்த பலா விறகில் கத்தியை வைத்து, முதுகில் கட்டையால் தட்டினோம், பிளந்தது. வாயில் மடிப்பு இல்லை. ஐயா கையில் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, பிடி இரண்டு விரல் கூடுதல் நீளம் என்றார். வள்ளத்துக்காரருக்குக் குட்டையாக இன்னொன்று அடிப்பாராம், மிச்சப் பட்டையை என்னிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். முனை மட்டும் மொட்டையாகத்தான் வைப்பாராம், ஆடுகிற வள்ளத்தில் கூர்முனை எதற்கு என்கிறார்.