அப்பாவின் .315 ரைபிளும் ஒரு எண்ணும்: வாரிசு லைசென்ஸ் வாங்கிய அனுபவம்

போன வாரம் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. தாத்தா வாங்கி, அப்பா வைத்திருந்த இஷாப்பூர் .315 ரைபிள் இனி என் பெயரில். மதுரைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இப்படிப் பழைய துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

வாரிசுச் சான்றிதழ், ஆட்சேபணை இல்லை என்று தங்கை கொடுத்த பிரமாணப் பத்திரம், எஸ்-3 மருத்துவச் சான்று, எஸ்-1 பயிற்சிச் சான்று, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை எல்லாம் அதனதன் வேகத்தில் முடிந்தன. சிக்கியது துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண்ணில்.

லைசென்ஸ்தாரர் காலமானபின் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டம் 21-ஆம் பிரிவுப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். நான் டீலரிடம் கொடுத்தேன். வாடகை ஆகும், ஆனால் எண்ணெய் போட்டுத் துருப்பிடிக்காமல் வைப்பார்கள். அவர் துப்பாக்கியைப் பார்த்து ரசீதில் எழுதிய எண்ணின் நடுவில் ஒரு 3. அப்பாவின் லைசென்ஸ் புக்கில் அதே இடத்தில் 8. பழைய புக்கில் பக்கம் தீர்ந்து புதுப் புக் போட்டபோது யாரோ பார்த்து எழுதியதில் வந்த பிழை. அதன்பிறகு எத்தனையோ தடவை புதுப்பித்தாகிவிட்டது, ஒருவரும் துப்பாக்கியோடு ஒத்துப் பார்க்கவில்லை.

லைசென்ஸ் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டிய எழுத்தர் நிமிரக்கூட இல்லை. "புக்குல இருக்குறது ஒண்ணு, நீங்க ஒப்படைச்சது ஒண்ணு. அப்ப புக்குல உள்ள துப்பாக்கி எங்க தம்பி?" வயிறு கலங்கிவிட்டது. அவர் கணக்குப்படி எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி காணாமல் போயிருக்கிறது, இன்னொன்று கள்ளத்துப்பாக்கி. "வாங்குன பில்லைக் கொண்டாங்க" என்றார். தாத்தா காலத்து பில்லுக்கு நான் எங்கே போவது? அடுத்த முறை போனால் அவர் லீவு. அதற்கடுத்து, கோப்பு வேறு செக்‌ஷனில். பழைய புக்கின் பதிவு உங்கள் ரிஜிஸ்டரிலேயே இருக்குமே என்று கேட்டதற்கு, "அதெல்லாம் தேட ஆள் இல்ல" என்றார். இன்னும் ஆறவில்லை எனக்கு. தப்பாக எழுதியது அவர்கள், நிரூபிக்க வேண்டியவன் நானா?

காப்பாற்றியது அம்மா. தேர்தல் வரும்போதெல்லாம் அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பார். அந்த ரசீதுகளை அம்மா ஒன்றுவிடாமல் பத்திரப் பெட்டியில் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் 3! ஏட்டையாக்கள் புக்கைப் பார்க்காமல் துப்பாக்கியைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். நகல்களை இணைத்து, போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரரை வைத்து ஆய்வு செய்யச் சொல்லி மனுக் கொடுத்தேன். மனுக் கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொண்டேன். அது இல்லாமல் நகராதீர்கள்.

ஆர்மரர் வயதானவர். எண் இருந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தார். எண் வெள்ளையாகத் துலங்கியது. "மூணுதாம்ப்பா, இதுல என்ன சந்தேகம்?" என்றவர், அழித்தோ வெட்டியோ மாற்றிய தடயம் இல்லை என்றும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிதான் கோப்பை நகர்த்தியது. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அடுத்த எச்சரிக்கை தோட்டா பற்றி. மிச்சமுள்ள தோட்டாக்களையும் எண்ணி, துப்பாக்கியோடு சேர்த்து ஒப்படைத்து, ரசீதில் எழுதி வாங்குங்கள். எங்கள் பெட்டியில் காலி கேஸ்களும் (சுட்டபின் மிஞ்சும் தோட்டா உறை), 12 போர் என்கிற ஷாட்கன் தோட்டாவின் வாயை மடிக்கிற தாத்தா காலத்துக் கைமிஷின் ஒன்றும் இருந்தன. பழைய இரும்புதானே என்று விட்டுவிடாதீர்கள். தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும் சட்டப்படி தோட்டாவில்தான் சேரும். அதையும் பட்டியலில் ஏற்றி ஒப்படைத்தேன்.

".315 தோட்டா கிடைக்கிறதே பெரும்பாடு. காலி கேஸ்ல நாமளே மருந்து போட்டா என்ன மாப்ள?" என்று மச்சான் கேட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் .303 ராணுவத் தோட்டா என்று பொதுமக்களுக்கு மறுத்ததால்தான், ஆஸ்திரியாவின் 8×50 மன்லிச்சர் தோட்டா .315 என்ற பெயரில் இங்கே பரவியது. இன்று சட்டம் அதைவிடக் கடுமை. உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால், 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள்வரை போகலாம். யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லைசென்ஸ் இருப்பதால் தோட்டத்துக்கு வரும் பன்றியைச் சுடலாம் என்றும் நினைக்க வேண்டாம். 1972 வன உயிரினச் சட்டம் தனி.

இன்னொன்று. 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றலாம். அப்பாவுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நின்றிருந்தால் "அந்தத் துப்பாக்கி எங்க?" என்று ஒருவர் கேட்டிருக்க முடியுமா?

புதுப் புக்கை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் எண்ணை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எண் சரி. என் இனிஷியல் தப்பு! அங்கேயே திருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். இனி 5 ஆண்டுக்குக் கவலை இல்லை.