எமரி ஓக்: மழைக்கு முந்திக்கொள்ளும் மரம்

பசுமைமாறா மரங்களின் பட்டியலில் வைக்கப்படும் எமரி ஓக், வசந்தத்தின் இறுதியில் வறட்சி முற்றும் வேளையில் பழைய இலைகளைக் கொட்டிவிட்டுச் சில நாட்களிலேயே புதிதாகத் தளிர்த்துக்கொள்கிறது. ஆண்டு முழுவதையும் கோடைமழையைக் கணக்கில் வைத்தே நடத்தும் மரம் இது என்பதால்தான் எனக்கு இதன்மீது தனி ஈர்ப்பு.

அரிசோனா, நியூ மெக்சிகோ, மேற்கு டெக்சாஸ், வடக்கு மெக்சிகோ ஆகியவற்றின் வறண்ட மலைச்சரிவுகளே இதன் தாயகம். பட்டை கருத்து, ஆழமாக வெடித்திருக்கும். தடித்துப் பளபளக்கும் இலையைத் திருப்பிப் பார்த்தால், நடுநரம்பின் அடியில் மெல்லிய மயிர்க்கற்றை ஒன்று தென்படும். அருகில் வளரும் மற்ற ஓக்குகளிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த அடையாளம் பெரிதும் உதவும்.

இதன் உறவினரான சிவப்பு ஓக் வகைகளில் பெரும்பாலானவை கொட்டை முதிர இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ள, எமரி ஓக் ஒரே பருவத்தில் முடித்துவிடுகிறது. ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரை, மழை மண்ணை நனைக்கும் காலத்தையொட்டிக் கொட்டைகள் உதிர்ந்து உடனே முளைவிடுகின்றன. பல ஓக் கொட்டைகளை நீரில் ஊறவைத்துத் துவர்ப்பை அகற்றிய பின்னரே உண்ண முடியும். அந்தத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் குறைந்த இக்கொட்டையையோ ஓட்டை உடைத்து அப்படியே தின்னலாம். அமெரிக்கப் பூர்வகுடிகளான அப்பாச்சி மக்கள் இதைப் பொறுக்கி உலர்த்தி, மாவாக அரைத்து இறைச்சிச் சாற்றில் கலந்து உண்கிறார்கள். தலைமுறைகளாக அவர்கள் போற்றிவரும் மரத்துக்கு, 1846-இல் அமெரிக்கப் படையோடு அவ்வழியே நிலமளந்து சென்ற வில்லியம் எமரியின் பெயர் 1848-இல் சூட்டப்பட்டது சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

முதிர்ந்த மரங்கள் தீயில் கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆனால் புதுக் கன்றுகள் தேறி வருவது குறைந்திருப்பதே இப்போதைய கவலை. நீடித்த வறட்சியும் கால்நடை மேய்ச்சலும் அதற்கான காரணங்களுள் அடங்கும். அமெரிக்க வனத்துறையும் அப்பாச்சி சமூகங்களும் இணைந்து 2018-இல் இம்மரத் தோப்புகளை மீட்கும் பணியைத் தொடங்கின. எங்கே வேலியிட வேண்டும், எந்தப் புதரை அகற்ற வேண்டும் என்பதில் கொட்டை பொறுக்கிப் பழகிய முதியவர்களின் சொல்லுக்கு இடமளிக்கும் முயற்சி இது என்பதால், இதன்மீது எனக்கு நம்பிக்கை அதிகம்.