திபேரியு ராயனின் மலை

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் டிக்கெட் எடுக்கும்போதே எங்களுக்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. காலையில் வீட்டுக்காரம்மா கேட்ட நீலக்குகை, மத்தியானம் நான் கேட்ட இடிபாடு, ரோமானியப் பேரரசர் திபேரியஸின் அரண்மனை வில்லா ஜோவிஸ். காப்ரி தீவு வந்ததும் பாதி ஒப்பந்தம் அலையோடு போனது. அந்தக் குகையின் வாய் மிகவும் தாழ்வு, படகில் மல்லாந்து படுத்துத்தான் நுழைய வேண்டும். கடல் கொஞ்சம் துள்ளினாலும் உள்ளே விடமாட்டார்கள். அன்றைக்குத் துள்ளியது. மீதிப் பாதிக்கு அவர் முகம் சுளிக்காமல் வந்ததே பெரிய விஷயம்.

துறைமுகத்திலிருந்து ஊருக்கு ஏற நம் பழனி விஞ்ச் மாதிரி ஒன்று இருக்கிறது. ஏறி இறங்கினால் சின்னச் சதுக்கம், அதைச் சுற்றிக் காபிக் கடைகள், கைப்பை விற்கும் கடைகள். விலையைப் பார்த்துவிட்டு நேரே நடையைக் கட்டினோம். தீவின் கிழக்கு முனைக்கு முக்கால் மணி நேர நடை. தெருவின் பெயரே திபேரியஸ் தெரு. கார் நுழையாத சந்து, இரண்டு பக்கமும் சுவர், அதற்கு மேல் எலுமிச்சை மரங்கள். மளிகைச் சாமான் ஏற்றிய பேட்டரி வண்டி வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வழியெல்லாம் ஏற்றம்.

திபேரியஸ் யாரென்று கேட்டால் நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஆனால் 'இராயனுக்குரியதை இராயனுக்கும்' என்ற வசனம் தெரியாதவர் குறைவு. அந்த இராயன் இவர்தான். தமிழ் பைபிளில் 'திபேரியு ராயன்' என்று பெயரோடே வருவார். எனக்கு அவரோடு இன்னொரு பழக்கமும் உண்டு. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, கரூர்ப் பக்கம் மண்ணுக்கடியில் கிடைத்த ரோமானியக் காசுகளில் அகஸ்டஸுக்கும் இவருக்கும்தான் முதலிடம். எழும்பூர் மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியில் அப்படிப்பட்ட காசுகளைக் குனிந்து பார்த்திருக்கிறேன். நீண்ட மூக்கு, இறுகிய வாய், தலையில் இலைக் கிரீடம்.

கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்ததும் பட்டத்துக்கு வந்தபோது இவருக்கு 54 வயது. ஆசைப்பட்டு வந்த பதவி மாதிரித் தெரியவில்லை. அகஸ்டஸ் மனதில் வைத்திருந்த பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செத்த பிறகுதான் மனைவி லிவியாவின் முந்தைய கல்யாணத்துப் பிள்ளையான இவர் பக்கம் திரும்பினார். அதற்கு முன்பே அரசியலுக்காக ஒரு கொடுமை நடந்திருந்தது. பிடித்து வாழ்ந்த மனைவி விப்சானியாவை விலக்கிவிட்டு, அகஸ்டஸின் மகள் ஜூலியாவைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் வழியில் விப்சானியாவைக் கண்டு, கண்ணில் நீரோடு அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். இனி அவள் இவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். அவர் வம்புக்கார எழுத்தாளர்தான், ஆனாலும் இதை நான் நம்புகிறேன்.

வீடுகள் முடிந்து புதரும் பாறையுமாக ஆனதும் என் தண்ணீர் பாட்டில் காலி. மேலே கடை எதுவும் இல்லை. செருப்பு வேறு. 'ஏனுங்க, இந்த மனுசனுக்கு வேற எடமே கெடைக்கலியா?' என்றார் அம்மணி. கேள்வி நியாயமானது. இந்தப் பாறை உச்சி 330 மீட்டருக்கு மேல். ஊற்று கிடையாது, ஆறு கிடையாது. வில்லா ஜோவிஸுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சிம்மாசன மண்டபமில்லை, தண்ணீர்த் தொட்டிகள். வளைவுக் கூரை போட்ட பிரம்மாண்டமான மழைநீர்த் தொட்டிகளை நடுவில் வைத்து, அவற்றைச் சுற்றி அரண்மனையைக் கட்டியிருக்கிறார்கள். தெற்கே குளியல் அறைகள், மேற்கே வேலையாட்களின் பகுதி, வடக்கே ராயன் தங்கிய இடம். பளிங்கெல்லாம் எப்போதோ போய்விட்டது. செங்கல்லும் காரையும் மிச்சம், பல்லிகள் ஓடுகின்றன. வறண்ட தொண்டையோடு அந்தக் காலித் தொட்டிகளை எட்டிப் பார்த்தேன்.

கி.பி. 26-இல் ரோமை விட்டுக் கிளம்பியவர் அடுத்த ஆண்டு இங்கே வந்தார். அப்போது வயது 67. சாகும்வரை, பதினோரு ஆண்டு, ரோம் நகரத்துக்குள் கால் வைக்கவில்லை. ஆட்சி முழுக்கக் கடிதத்தில் நடந்தது. தாய் லிவியா 29-இல் இறந்தபோதுகூட இதோ வருகிறேன் என்று இழுத்தடித்து, கடைசியில் அவர் இல்லாமலே சடங்கு முடிந்தது.

ராஜா தள்ளிப் போனால் வாசலில் நிற்பவன்தான் ராஜா. அந்த வாசல்காரன் செஜானஸ், காவல்படைத் தலைவன். நகரத்தில் சிதறிக் கிடந்த படையை ஒரே முகாமில் கூட்டிவைத்தவன். ஸ்பெர்லோங்கா என்ற கடற்கரை ஊரில் விருந்து நடந்த குகை இடிந்து விழுந்தபோது, ராயனின் மேல் குனிந்து கல்மழையைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டான். அதன் பிறகு அவன் சொன்னதெல்லாம் சரி. ராயனின் தம்பி மகன் ஜெர்மானிக்கஸின் விதவை அக்ரிப்பினாவை நாடு கடத்தினார்கள், அவள் மூத்த மகனும் தீவுக்குப் போனான், அடுத்த மகனைச் சிறையில் வைத்தார்கள். மூவரும் திரும்பி வரவில்லை. கடைசியில் ராயனுக்கே அவன் மேல் சந்தேகம் வந்தது.

வடக்கு விளிம்பில் ஒரு நீண்ட நடைபாதை இருக்கிறது. அங்கே நின்றால் வெசுவியஸ் எரிமலை, நேப்பிள்ஸ் வளைகுடா எல்லாம் கைக்குள் அடங்கும். அக்டோபர் 18, கி.பி. 31 அன்று கிழவர் இந்த உச்சியில் எங்கோதான் நின்றிருக்க வேண்டும். கரையிலிருந்து வரும் தீ அடையாளத்தைப் பார்த்தபடி, காரியம் கெட்டால் படைகளிடம் ஓடக் கப்பல்களைத் தயாராக வைத்துக்கொண்டு.

அன்று ரோமில், அப்பல்லோ கோயிலில் செனட் கூடியிருந்தது. ராயன் தனக்குப் பெரிய அதிகாரம் தரப்போகிறார் என்ற நம்பிக்கையோடு செஜானஸ் உட்கார்ந்திருந்தான். கடிதத்தைக் கொண்டுவந்த மேக்ரோவிடம், செஜானஸின் இடத்துக்குத் தன்னை நியமித்த ரகசிய உத்தரவும் இருந்தது. காவல்படையைப் பரிசு ஆசை காட்டி முகாமுக்கு அனுப்பிவிட்டு, இரவுக் காவல்காரர்களைக் கோயிலைச் சுற்றி நிறுத்தினான். கடிதம் நீளம். முதலில் வேறு ஏதோ விஷயம், நடுவில் செஜானஸைப் பற்றி லேசான குறை, மறுபடி வேறு பேச்சு, மறுபடி ஒரு குறை. படிக்கப் படிக்க அவன் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளிப் போனார்கள். கடைசி வரிகளில்தான் கைது. எழுந்திரு என்று சபையை நடத்திய கான்சல் கூப்பிட்டதும் அவன் எழவில்லை, திமிரால் இல்லை, தன்னை ஒருவர் கூப்பிட்டு ஆணையிடுவது அவனுக்குப் பழக்கமே இல்லாததால். மூன்றாம் முறை, 'என்னையா கூப்பிடுகிறீர்கள்?' என்றான். அன்றைக்கே கொன்றார்கள். பிள்ளைகளையும் விடவில்லை.

காரியம் ஜெயித்த பிறகும் ஒன்பது மாதம் கிழவர் இந்த வில்லாவை விட்டு வெளியே வரவில்லையாம். இங்கே நடந்ததாகச் சொல்லும் காமக் கதைகளைவிட இந்த ஒன்பது மாதம்தான் எனக்கு அவரைக் காட்டுகிறது. அந்தக் கதைகளெல்லாம் இரண்டு மூன்று தலைமுறை கழித்து, செனட்டர்களின் கோபம் ஆறாத காலத்தில் எழுதியவை. கருவூலத்தில் அவர் விட்டுப்போன 270 கோடி செஸ்டர்ஸ் காசுக் கணக்கும் அதே சூட்டோனியஸில்தான் வருகிறது, அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

'திபேரியஸின் பாய்ச்சல்' என்ற பாறையில் வேலியைப் பிடித்தபடி கீழே பார்த்தோம். நேரே கடல். இங்கிருந்துதான் ஆட்களைத் தள்ளினார் என்பார்கள். ஒரு மீனவன் ஆசையாகப் பெரிய மீனைக் கொண்டுவந்து, வழியில்லாத பாறை ஏறித் திடீரென முன்னால் நின்றானாம். பயந்துபோன ராயன் அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். 'நல்லவேளை, சிங்கி இறாலைக் காட்டவில்லை' என்றான் அவன். அதையும் கொண்டுவரச் சொன்னார்.

இந்த மனிதர்தான் கி.பி. 22-இல், நகைக்கற்களுக்காக நம் பணம் அன்னியருக்கும் பகைவருக்கும் போகிறதே என்று செனட்டுக்குப் புலம்பி எழுதியவர். காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் எடுத்த ஊர்க்காரன் நான், சிரிப்பு வந்தது. ரோம்காரன் பார்க்காத பதினோரு வருசமும் அந்த மூக்கு கொங்கு நாட்டில் கைமாறிக்கொண்டிருந்திருக்கும்.

கடைசிப் படகுக்கு ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். துறைமுகத்தில் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகு அம்மணி கேட்டார், 'அப்புறம் அவரு ஊருக்குப் போகவே இல்லியா?' இரண்டு தடவை கிட்டே வரை போனார் என்றேன். ஒரு தடவை நகரத்துச் சுவர் தெரியும் தூரம் வரை. அங்கே, அவர் கையால் தீனி போட்டு வளர்த்த பாம்பை எறும்புகள் மொய்த்துத் தின்றுவிட்டன. கூட்டத்துக்குப் பயப்படு என்று குறி சொன்னார்கள், திரும்பிவிட்டார். 37 மார்ச்சில் மிசேனத்தில் செத்தார். செய்தி வந்ததும் ரோம் சனங்கள் 'திபேரியஸை டைபர் ஆற்றில் போடு' என்று கத்தினார்கள்.

'பாம்பா வளத்துனாரு?' என்றார். படகின் இடது பக்கம், வெயில் சாய்கிற இடத்தில், மிசேனம் முனை கறுப்பாகத் தெரிந்தது. காட்டினேன். அவர் பாம்பு எவ்வளவு நீளம் என்று கேட்டார்.