துல்லியம் எதுவரை வேண்டும்?

மாண்டல்பல்ப் என்பது ஒரே சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு வரும், எவ்வளவு நெருங்கினாலும் புது மடிப்புகள் காட்டும் முப்பரிமாண உருவம். அதைத் தூரத்திலிருந்து வரைவது இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குச் சின்ன வேலை. 2009-ல் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் கொடுத்த சூத்திரத்தை எட்டாம் படியில் போட்டு, பரப்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மதிப்பிட்டபடி ஒவ்வொரு பிக்சல் வழியாகவும் பார்வைக் கதிரை நகர்த்தினால் போதும். பத்து லட்சம் மடங்கு உள்ளே போகும்போதுதான் சிக்கல். கார்டு எண்களை வழக்கமாக வைக்கும் 32 பிட் 'சிங்கிள் பிரிசிஷனில்' கிடைப்பது ஏழு இலக்கம். அடுத்தடுத்த பிக்சல்களுக்கு ஒரே எண் விழும். நுண்ணிய மடிப்புகள் வரவேண்டிய இடத்தில் படிக்கட்டும் புள்ளிகளுமாகத் தெரியும்.

64 பிட் 'டபுளுக்கு' மாறினால் படம் தெளிந்துவிடும், வேகம் போய்விடும். கேமிங் கார்டுகளில் டபுளின் வேகம் பெரும்பாலும் சிங்கிளின் 32-ல் ஒரு பங்கு, புதியவற்றில் 64-ல் ஒரு பங்கு. அதனால் எங்கள் டீமில் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு சிங்கிள்களாக வைத்தோம்: ஒன்றில் மதிப்பு, மற்றதில் விட்டுப்போன மிச்சம். 1971-ல் டச்சுக் கணிதவியலாளர் டெக்கர் எழுதிய வழி இது. ஏறக்குறைய 14 இலக்கம் தரும். அந்த மிச்சத்தைக் கணக்கிடும் வரிகள் இயற்கணிதப்படி பூஜ்ஜியம். வேகத்துக்காகக் கணக்கைச் சுருக்கச் சொல்லும் 'ஃபாஸ்ட் மேத்' அமைப்பைப் போட்டிருந்தால் கம்பைலர் அவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும்.

சூத்திரத்தில் கோணங்களை எட்டு மடங்காக்க வரும் சைன், கொசைனை இந்த முறையில் போட்டால் கட்டுப்படியாகாது. நல்லவேளை, எட்டு மடங்கு கோணம் என்றால் மூன்று முறை இரட்டிப்பதுதான். இசட் ஆயத்தையும் அந்த அச்சிலிருந்து உள்ள தூரத்தையும் ஒரு கலப்பெண்ணாக்கி மூன்று முறை வர்க்கப்படுத்தலாம்; எக்ஸ், ஒய்க்கும் அப்படியே. கடைசியில் பெருக்கல், கூட்டல் போக ஒரு வர்க்கமூலமும் ஒரு வகுத்தலும்தான் மிஞ்சும்.

ஆனால் எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்தது வேறு. சூத்திரத்தை ஒருமுறை போடும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போகின்றன. எவ்வளவு விலகின என்பதைத் தூர மதிப்பீட்டுக்காகச் சேர்த்துவரும் வகைக்கெழுவே, அதாவது புள்ளி கொஞ்சம் நகர்ந்தால் விடை எத்தனை மடங்கு நகரும் என்ற எண்ணே, சொல்லிவிடும். அளவு தெரிந்தால் போதும் என்பதால் அதற்குச் சிங்கிளே தாராளம். பிக்சல் இடைவெளியை அதனால் பெருக்கி வரும் எண், சிங்கிளின் பிழையைத் தாண்டிவிட்டதா? சரி, அதற்கப்புறம் வரும் சுற்றுகளையெல்லாம் சாதாரணச் சிங்கிளிலேயே ஓட்டலாம். முதல் சில சுற்றுகள்தான் விலை உயர்ந்தவை. அந்தச் சுற்றுகளில் பக்கத்துப் பிக்சல்கள் ஒரே பாதையில் போவதால், கார்டில் சேர்ந்து ஓடும் த்ரெட்களும் (பிக்சலுக்கு ஒன்றாக ஓடும் கணக்குகள்) பெரும்பாலும் ஒரே சுற்றில் சிங்கிளுக்கு மாறிக்கொள்கின்றன. ஒன்றுக்காக மற்றவை காத்திருப்பது குறைவு.